வாசலில் வண்டி எண்ணும் கேமரா: டர்பனில் முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் காம்ப்ளெக்ஸ் வாசலில் ஒரு பெரிய நோட்டு உண்டு. உள்ளே வருகிற விருந்தாளி வண்டியை நிறுத்தி, பெயர், வண்டி நம்பர், எந்த வீடு, எத்தனை மணி என்று எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாள் சும்மா புரட்டிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் மிக்கி மவுஸ் இரண்டு தடவை வந்து போயிருக்கிறார். வண்டி நம்பர் எழுதும் இடத்தில் பாதிக்குப் பாதி கிறுக்கல். மழை பெய்த நாளுக்கு ஒரு வரிகூட இல்லை. வாசலுக்கு மேலே இரண்டு கேமரா இருக்கிறது, இரவும் பகலும் பதிவாகிறது, ஆனால் "நேற்று எத்தனை வண்டி வந்தது?" என்று கேட்டால் சொல்ல ஆள் கிடையாது.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் வீடியோ அனலிட்டிக்ஸ் பக்கம் வந்தேன். அதாவது, கேமராப் படத்தைக் கணினியே பார்த்து, இது கார், இது லாரி, இது உள்ளே போகிறது, இது வெளியே வருகிறது என்று பிரித்துக் கணக்கு வைப்பது. டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்க மாகாணமான குவாசூலு-நட்டாலில் இப்போது நிறைய அபார்ட்மென்ட்டுக்குப் பூம் (வாசலில் ஏறி இறங்கும் தடுப்புக் கம்பி) இருக்கிறது, கோவில்களும் பள்ளிகளும்கூட வைக்கின்றன. ஊரிலிருந்து வந்து இங்கே கேமரா வேலை பார்க்கும் தம்பிகளும், பாடி கார்ப்பரேட்டில் (அபார்ட்மென்ட் வீட்டுக்காரர்களின் சங்கத்தில்) டிரஸ்டியாக மாட்டிக்கொண்ட அண்ணன்களும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" என்னைக் கேட்டால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன், சில தப்புகளோடு சேர்த்து.

முதல் வேலை: என்ன தெரிய வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள்

வண்டி வந்ததா இல்லையா என்பது ஒரு கேள்வி. எத்தனை வண்டி என்பது வேறு கேள்வி. யாருடைய வண்டி என்பது மூன்றாவது. முன்னால் போன வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு, பூம் இறங்குவதற்குள் இன்னொன்று நுழைந்ததா என்பது நான்காவது. இந்த நாட்டில் பெரும்பாலோருக்கு உண்மையான பயம் அந்த நான்காவதுதான். ஒவ்வொன்றுக்கும் கேமரா வைக்கும் இடம் மாறும், லென்ஸ் மாறும், செலவு மாறும். எல்லாவற்றையும் ஒரே கேமராவில் செய்துவிடலாம் என்று விற்பவர் சொன்னால், தலையாட்டிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். வாசல் முழுவதையும் பார்க்கும் அகலமான படத்தில் நம்பர் பிளேட் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். பிளேட் தெளிவாகத் தெரிகிற படத்தில் வாசலே தெரியாது.

ஆகவே குறைந்தது இரண்டு கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்திலிருந்து முழுப் பாதையையும் பார்க்க ஒன்று, பிளேட்டை மட்டும் பார்க்க ஒன்று.

அடுத்து, வாசலில் ஒரு நாள் நில்லுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. நானும் முதலில் செய்யவில்லை. ஒரு நாற்காலி போட்டு, காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும், மாலை நாலிலிருந்து ஏழு வரையும் உட்கார்ந்து பாருங்கள். வாசலில் நிற்கிற பெரியவரிடம் "சவுபோனா, பாபா" என்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். பத்து வருஷமாக அங்கேயே நிற்கிறவருக்குத் தெரியாத எதுவும் உங்கள் லேப்டாப்புக்குத் தெரியப் போவதில்லை. எந்த வண்டி வளைவை ஒடித்துத் திரும்புகிறது, யார் பூமுக்கு முன்னால் நிற்காமல் ஊர்ந்துகொண்டே வருகிறார், குப்பை லாரி எந்த நாளில் பின்னாலேயே வந்து பாதையை அடைக்கிறது, எல்லாம் அவர் சொல்வார்.

நான் அப்படி உட்கார்ந்த நாளில் எழுதிக்கொண்டது: கார்கள், பக்கிகள் (நம் ஊர் பிக்கப் வண்டியை இங்கே பக்கி என்பார்கள்), பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேன், மினிபஸ் டாக்ஸி, டிரெய்லர் இழுத்துவரும் வண்டி, மளிகை கொண்டுவரும் பைக், சைக்கிள், தள்ளுவண்டியில் அட்டையும் பாட்டிலும் பொறுக்குகிறவர், நாய், அப்புறம் குரங்கு. ஆமாம், குரங்கு. டர்பன் பக்கம் வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வந்து பூம் கம்பி மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். படத்தில் ஏதாவது அசைந்தாலே மணி அடிக்கிற பழைய முறையில், அந்த வாசலில் ஒரு காலைக்கு நாற்பது எச்சரிக்கை வந்தது. அதில் வண்டி ஒன்பது.

இந்தப் பட்டியல்தான் பின்னால் சோதனைக்கு உதவும், தூக்கிப் போடாதீர்கள்.

கேமரா வைக்கிற இடம்

முக்கால்வாசி வெற்றி இதில்தான், எனவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சூரியனில் தொடங்குவோம். நம் ஊரில் வளர்ந்தவனுக்கு நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு மேல், வருஷத்தின் பெரும்பகுதி கொஞ்சம் தெற்கே சாய்ந்து நிற்கும். டர்பன் ஏறத்தாழ 30 டிகிரி தெற்கில் இருக்கிறது. இங்கே நண்பகல் சூரியன் வருஷம் முழுக்க வடக்குப் பக்கம்தான். ஜூன் மாதம் நண்பகலிலேயே அது சுமார் 37 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. அதனால் வடக்கு பார்த்து வைத்த கேமரா குளிர்காலம் பூராவும் கண் கூசிக்கொண்டே இருக்கும், வண்டி ஒரு கறுப்பு நிழலாக மட்டும் வந்து போகும். நான் பிப்ரவரியில் ஒரு கேமராவை வடக்கு பார்க்க மாட்டிவிட்டு, படம் எவ்வளவு அருமை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஜூனில் போன் வந்தது. முடிந்தால் தெற்கு பார்க்க வையுங்கள். முடியாவிட்டால் கீழ்நோக்கிச் சாய்த்து, வானம் படத்துக்குள் வராதபடி செய்யுங்கள். கிழக்கும் மேற்கும் காலை மாலை ஒரு மணி நேரம்தான் தொல்லை தரும், ஆனால் வண்டி அதிகமாக வருவதும் அந்த நேரத்தில்தான்.

உயரம். எண்ணுகிற கேமராவை மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் வைத்தால் ஒரு வண்டி இன்னொன்றை மறைப்பது குறையும். கிடைமட்டமாகப் பார்க்கும் கேமராவில், ஒட்டி ஒட்டி வருகிற இரண்டு கார் ஒரு நீளமான காராகிவிடும். தைப்பூசக் காவடி அன்று ஒரு கோவில் வாசலில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். மற்ற நாளில் சரியாக எண்ணிய அதே கேமரா, அன்று பம்பரும் பம்பரும் உரசுகிற வரிசையைப் பார்த்துக் குழம்பிப்போனது. பூக்கட்டிய காவடி தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடுவே நடந்து போகிறவர்களை என்ன என்று சொல்வது, பாவம் அதற்குத் தெரியவில்லை.

பிளேட் பார்க்கும் கேமராவுக்கு இதற்கு நேர்மாறு. அது தாழ்வாக, வண்டிக்கு நேராக, பிளேட்டைப் பக்கவாட்டிலோ மேலிருந்தோ 30 டிகிரிக்கு மேல் சாய்ந்து பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். சாய்வு கூடினால் எழுத்து நசுங்கிவிடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு, பயப்பட வேண்டாம். நீளமான நம்பர் பிளேட் ஏறத்தாழ அரை மீட்டர் அகலம். படம் 1920 பிக்சல் அகலம் என்றால், அதில் பாதையின் 4 மீட்டர் அகலம் மட்டும் தெரியும்படி லென்ஸை இழுத்து வைத்தால் பிளேட்டுக்கு 240 பிக்சல் கிடைக்கும். வாசல் முழுக்க 12 மீட்டரையும் காட்டினால் 80தான். நான் 120க்குக் கீழே போக விடுவதில்லை. இதற்காகத்தான் லென்ஸை முன்பின் நகர்த்தக்கூடிய கேமரா வாங்குங்கள் என்கிறேன், கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்க நிலையான லென்ஸ் வாங்கிவிட்டு ஏணியோடு அல்லாட வேண்டாம்.

அடுத்து ஷட்டர் வேகம். மணிக்கு 20 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் நகர்கிறது. ஷட்டர் ஐம்பதில் ஒரு நொடி திறந்திருந்தால் அதற்குள் 11 சென்டிமீட்டர் போய்விடும், எழுத்தெல்லாம் இழுபட்டுவிடும். ஐந்நூறில் ஒரு நொடி என்றால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம், ஆயிரத்தில் ஒன்று என்றால் அரை சென்டிமீட்டர். வண்டி கேமராவை நோக்கி நேராக வந்தால் படத்தில் இழுவை இதைவிடக் குறையும்தான், ஆனாலும் பிளேட் கேமராவின் ஷட்டரைத் தானாக மாறும்படி விடாதீர்கள், ஐந்நூறோ ஆயிரமோ என்று கையால் பூட்டிவிடுங்கள். படம் இருட்டாகும். இருக்கட்டும், அந்தக் கேமராவுக்கு அழகான படம் தேவையில்லை. பிளேட் ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சு உள்ளது என்பதால், ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு அடித்தால் சுற்றிலும் கறுத்துப்போய் பிளேட் மட்டும் பளிச்சென்று நிற்கும். ஹெட்லைட் கூசுவதும் இந்த வேகத்தில் அடங்கிவிடும். இதையெல்லாம் விடச் சல்லிசான வழி ஒன்று உண்டு: பூமுக்குப் பத்து மீட்டர் முன்னால் ஒரு வேகத்தடை.

ஐஆர் விளக்கு இருக்கும் இடத்தில் பூச்சி வரும், பூச்சி வந்தால் சிலந்தி வரும். சிலந்தி லென்ஸுக்கு முன்னால் வலை கட்டினால் இரவு முழுக்க வெள்ளை நூல்தான் ஆடும். விளக்கைக் கேமராவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்தால் பாதித் தொல்லை போகும். கடலோரம் என்றால் உப்புக்காற்று வேறு: உம்லாங்கா, இசிபிங்கோ பக்கம் மாட்டிய திருகாணி ஒரு வருஷத்தில் துருப்பிடித்து அசைய மறுக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போடுங்கள், லென்ஸ் கண்ணாடியை வாரம் ஒரு தடவை துடைக்கச் சொல்லுங்கள்.

மின்சாரமும் வயரும்

சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் கொடுக்கும் ஸ்விட்ச் வாங்குங்கள், கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஃபைபர். இடி மின்னலுக்குத் தடுப்பு வையுங்கள், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கோடை மாலை மழையில் இது இல்லாமல் தாங்காது.

லோட் ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) 2024 மார்ச் கடைசியில் நின்று, பத்து மாதம் எல்லோரும் மறந்தே போனோம், 2025 ஜனவரி கடைசியில் மறுபடி தலைகாட்டியது. எனவே போய்விட்டது என்று நம்பி இருக்காதீர்கள். இரண்டு கேமரா, சின்னக் கணினி, ஸ்விட்ச், ரூட்டர் எல்லாம் சேர்த்து 50 வாட் வரும். நாலு மணி நேரத்துக்கு 200 வாட்-மணி. 12 வோல்ட் 50 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் 600 இருக்கிறது, அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்று வைத்தாலும் போதும். கேட் மோட்டாருக்குத் தனி பேட்டரி இருக்கும், அதிலிருந்து கேமராவுக்கு மின்சாரம் திருடாதீர்கள். ஒருவர் அப்படிச் செய்து, கரண்ட் போன இரவில் கேட்டும் திறக்காமல் கேமராவும் இல்லாமல் நின்றார்.

இப்போது சாஃப்ட்வேர்

இரண்டு வழி. ஒன்று, கேமராவுக்குள்ளேயே கார், ஆள் என்று பிரிக்கத் தெரிந்த மாடல்களை வாங்குவது. ஹிக்விஷன், டாஹுவா போன்றவற்றில் இப்போது நடுத்தர விலையிலேயே இது வருகிறது. படத்தின் மேல் ஒரு கோடு வரைந்து, வண்டி கோட்டைத் தாண்டினால் சொல்லு என்றால் சொல்லும். முதல்முறை செய்பவருக்கு இது போதும் என்பேன்.

இரண்டாவது, சாதாரணக் கேமராவை ஒரு சின்னக் கணினியில் இணைத்து அங்கே அலசுவது. இலவசமாகக் கிடைக்கிற ஃப்ரிகேட் என்ற சாஃப்ட்வேர்தான் நான் பயன்படுத்துவது. முதலில் அசைவு இருக்கிறதா என்று பார்த்து, அசைந்த இடத்தை மட்டும் பொருள் கண்டுபிடிக்கும் மாடலுக்கு (படங்களைக் காட்டிப் பழக்கிய நிரலுக்கு) அனுப்பும், அதனால் கணினிக்குச் சுமை குறைவு. கேமராவிலிருந்து இரண்டு வீடியோ ஓடை (ஸ்ட்ரீம்) எடுங்கள்: பதிவுக்குப் பெரிய படம், அலசுவதற்குச் சின்னப் படம். அலசுவதற்கு நொடிக்கு ஐந்து படம் போதும். வாசலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி இரண்டு படத்துக்கு நடுவே ஒரு மீட்டர் சொச்சம்தான் நகரும், காரோ நாலு மீட்டர் நீளம், தப்பிக்க முடியாது. நொடிக்கு 25 படத்தையும் அலசுகிறேன் என்று கணினியைக் கொதிக்க விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லாபம் ஒன்றுமில்லை.

இந்த மாடல்கள் பெரும்பாலும் கோகோ என்கிற படத் தொகுப்பில் பழகியவை. அதில் 80 வகைப் பொருள்கள். கார், மோட்டார் சைக்கிள், பஸ், டிரக் எல்லாம் உண்டு. பக்கி கிடையாது. விளைவு என்ன? ஒரே பக்கி, முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் டிரக், மேலே கூடாரம் போட்டிருந்தால் மறுபடி கார். மினிபஸ் டாக்ஸி சில நேரம் பஸ், சில நேரம் கார். கண்டுபிடித்த பொருளைச் சுற்றி மாடல் ஒரு பெட்டி வரையும், அப்படி இரண்டு பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரு வண்டி இரண்டாக எண்ணப்படுவதும் உண்டு. இதற்கு நான் செய்வது எளிமையானது: கார், பஸ், டிரக் மூன்றையும் "வண்டி" என்று ஒரே பெயருக்குள் தள்ளிவிடுவேன். பைக்கை மட்டும் தனியாக வைத்துக்கொள்வேன். வகை வாரியாகக் கணக்கு வேண்டும் என்று டிரஸ்டிகள் பிடிவாதம் பிடித்தால், உங்கள் வாசல் படங்களையே சில நூறு எடுத்து, பெட்டி வரைந்து, மாடலுக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் மாலை நேரம் போகும். அந்த 80 வகையில் குரங்கும் கிடையாது, அதனால் நம் வெர்வெட் தம்பிகள் சில நேரம் நாயாகவும் பூனையாகவும் அவதாரம் எடுப்பார்கள். வண்டியாக எடுப்பதில்லை, அதுவரை நிம்மதி.

கோடு எங்கே வரைவது? பூமுக்கு நேராக வரையாதீர்கள். அங்கேதான் வண்டி நின்று, ஊர்ந்து, பின்னால் நகர்ந்து, மறுபடி முன்னால் வரும். கோட்டின் மேலேயே நிற்கிற வண்டி மூன்று தடவை எண்ணப்படும். பூமைத் தாண்டி நாலைந்து மீட்டர் உள்ளே, வண்டி நிற்காமல் ஓடுகிற இடத்தில் வரையுங்கள். இன்னொரு கோட்டைப் பூமுக்கு வெளியே வரைந்து, வெளிக்கோட்டையும் உள்கோட்டையும் அந்த வரிசையில் தாண்டினால்தான் உள்ளே வந்ததாகக் கணக்கு என்று வையுங்கள். வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவர் கணக்கில் வரமாட்டார். ஃப்ரிகேட்டில் கோட்டுக்குப் பதிலாகப் பகுதிகள் வரையலாம், வண்டியைச் சுற்றிய பெட்டியின் கீழ்விளிம்பு நடுப்புள்ளி அந்தப் பகுதிக்குள் வந்ததா என்று அது பார்க்கும். எனவே பகுதியைச் சக்கரம் தரையில் படும் இடத்தை வைத்து வரையுங்கள், கூரையை வைத்து வரைந்தால் எல்லாம் ஒரு வண்டி தள்ளிப் போகும்.

நம்பிக்கை அளவு என்று ஒரு எண் கேட்கும், பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை: மாடல் எவ்வளவு உறுதியாகச் சொன்னால் வண்டி என்று ஏற்பது என்பது அது. 0.6 அல்லது 0.7இல் தொடங்குங்கள். குறைத்தால் நிழலெல்லாம் காராகும், கூட்டினால் மழையில் வெள்ளைக் கார் காணாமல் போகும்.

வாலைப் பிடித்து நுழைவதைக் கண்டுபிடிக்க: பூம் எப்போது திறந்தது என்று மோட்டாரிலிருந்து ஒரு சிக்னல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை திறந்ததற்கு உள்கோட்டை ஒரு வண்டிக்கு மேல் தாண்டினால் எச்சரிக்கை. அவ்வளவுதான் தர்க்கம். டிரெய்லர் இழுத்துவருகிறவர் ஒவ்வொரு தடவையும் குற்றவாளி ஆவார், அதற்கு வாசலில் நிற்கிற பாபாவே சிரித்துக்கொண்டு ஒரு பொத்தான் அமுக்கிவிடுவார்.

நம்பர் பிளேட் படிப்பது

இந்த நாட்டில் பிளேட் மாகாணத்துக்கு ஒரு மாதிரி. டர்பன் பழைய பிளேட் என்டி என்று தொடங்கிப் பின்னால் வெறும் எண்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்பி, பைன்டவுன் என்பிஎன். 2023 டிசம்பரிலிருந்து குவாசூலு-நட்டாலில் புது முறை: இரண்டு எழுத்து, இரண்டு எண், இரண்டு எழுத்து, கடைசியில் இசட்என். ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்துப் பிளேட்டும் அதே அமைப்பு, கடைசியில் ஜிபி. அங்கேயே பழையது மூன்று எழுத்து மூன்று எண். காசு கொடுத்துத் தங்களுக்குப் பிடித்த பெயரையே பிளேட்டில் வாங்கி வைத்திருக்கிற பணக்காரர்கள் தனி. இந்த அமைப்புகளை ஒரு பட்டியலாகக் கொடுத்தால் படிக்கும் தப்பு பெருமளவு குறையும். எட்டையும் பி-யையும், ஐந்தையும் எஸ்-ஸையும், இரண்டையும் இசட்டையும் கணினி மாற்றிப் படிக்கும். இந்த இடத்தில் எண்தான் வரும் என்று தெரிந்தால் அதுவே திருத்திக்கொள்ளும். ஃப்ரிகேட்டின் புதிய பதிப்புகளில் பிளேட் படிக்கும் வசதி சேர்ந்தே வருகிறது.

பைக்குக்கு முன்னால் பிளேட் கிடையாது, பின்னால் மட்டும்தான். எனவே வருகிற வண்டியை முன்னாலிருந்து பார்க்கும் கேமரா மளிகை பைக் ஒன்றையும் படிக்காது. இதை முன்கூட்டியே டிரஸ்டிகளிடம் சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சாக்காகத் தெரியும்.

முக்கியமான எச்சரிக்கை. வேறொரு வண்டியின் நம்பரை அப்படியே அச்சடித்து மாட்டிக்கொண்டு திரிவது இங்கே சாதாரணக் குற்றம். அதனால் பட்டியலில் இருக்கும் பிளேட் என்றாலே பூம் தானாகத் திறக்கட்டும் என்று வைக்காதீர்கள். பிளேட்டோடு வண்டியின் நிறம், மாடல் இரண்டும் செக்யூரிட்டி திரையில் வர வேண்டும். என்டி என்று தொடங்கும் வெள்ளை போலோவுக்குப் பதிலாகக் கறுப்பு பக்கி நின்றால் மனிதக் கண்ணுக்கு ஒரு நொடியில் பிடிபடும்.

பூமோடு இணைப்பது

படத்தைப் பார்த்து பூமை இறக்காதீர்கள். மறுபடி சொல்கிறேன், இறக்காதீர்கள். கேமரா ஒரு நொடி தவறினால் கம்பி காரின் மேலோ, பைக்கில் வருகிறவர் தலையிலோ விழும். தரையைக் கீறிப் பதிக்கும் கம்பிச் சுருள் இதற்காகவே இருக்கிறது: மேலே உலோகம் வந்து நின்றால் சுருளின் மின்தூண்டல் மாறும், அந்த மாற்றத்தை வைத்து வண்டி இருப்பதை அது உணரும். மழையோ இருட்டோ சிலந்தியோ அதற்குக் கவலை இல்லை. அதோடு குறுக்கே ஓர் ஐஆர் கதிர். இவை இரண்டும் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளட்டும், கேமரா எண்ணட்டும், எச்சரிக்கட்டும், பதிவு வைக்கட்டும். சில இடங்களில் செலவைக் குறைக்கச் சுருளை எடுத்துவிட்டுக் கேமராவை நம்புகிறார்கள். அந்த வேலைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

சோதனை

மாட்டி முடித்த அன்றே "வேலை செய்கிறது" என்று சொல்லிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நீங்கள் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்ற நாளில் எழுதிய அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தினமும் இரண்டு மணி நேர வீடியோவைக் கண்ணால் பார்த்து எண்ணுங்கள், கணினி எண்ணியதோடு ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். என் முதல் சோதனையில் நான் எண்ணியது 112, கணினி சொன்னது 113, மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தபோது 14 வண்டியை அது விட்டிருந்தது, 15 வண்டியை இரண்டு தடவை எண்ணியிருந்தது. விட்டதில் பாதி பைக், மீதி சாயங்கால வெயிலில் வந்த வெள்ளி நிறக் கார். இரண்டு தடவை எண்ணியதில் பெரும்பாலும் பூமுக்கடியில் நின்றவை. இப்படித்தான் கோட்டை உள்ளே தள்ளி வரைய வேண்டும் என்று எனக்குப் புத்தி வந்தது.

வெயில், மழை, இரவு, மாலை நெரிசல் நான்கிலும் பாருங்கள். தீபாவளி இரவோ கல்யாண நாளோ கிடைத்தால் அதையும் விடாதீர்கள்.

கேமராவின் நேரத்தையும் பாருங்கள். தென்னாப்பிரிக்க நேரம் உலகப் பொது நேரத்துக்கு இரண்டு மணி முன்னால், கோடைக்காலத்துக்கு நேரம் மாற்றும் வழக்கமும் இல்லை, எனவே இது சுலபமான வேலை. ஆனாலும் பெட்டியிலிருந்து எடுத்த கேமரா சீன நேரத்தில் ஆறு மணி முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு திருட்டுக்குப் பிறகு பதிவைத் தேடும்போதுதான் இது தெரியவரும்.

இடமும் சட்டமும்

சேமிப்புக்கு ஒரு கணக்கு: நொடிக்கு 4 மெகாபிட் ஓடை ஒரு மணிக்கு 1.8 ஜிகாபைட், ஒரு நாளைக்கு 43. இரண்டு கேமரா முப்பது நாளைக்கு இரண்டரை டெராபைட்டுக்கு மேல். இரவும் பகலும் எழுதத் தாங்கும் கேமரா ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், லேப்டாப் டிஸ்க் வேண்டாம். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள், இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள்.

போப்பியா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டினது, 2021 ஜூலை முதல் கறாராக அமலில் இருக்கிறது. வண்டி நம்பரும் முகமும் ஓர் ஆளை அடையாளம் காட்டும் தகவல். எதற்காகப் பதிவு செய்கிறோம் என்று வாசலில் பலகை வைக்க வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, யார் பார்க்கலாம் என்று முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். மீறினால் அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். "பக்கத்து வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வந்தாள், பார்த்துச் சொல்லு தம்பி" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். சட்டத்தைக் காட்டித் தப்பித்தேன்.

இன்னொன்று, காசு வாங்கிக்கொண்டு பாதுகாப்புக் கருவி மாட்டுகிறவர் தனியார் பாதுகாப்புத் துறையை ஒழுங்குபடுத்தும் பிசைரா என்ற அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்து இந்த வேலையில் இறங்குகிற தம்பிகள் இதை முதல் மாதமே விசாரித்துக்கொள்ளுங்கள். டிரஸ்டிகள் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்படைத்த பிறகு

திரையைச் செக்யூரிட்டி அறையில், அவர் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும்படி வையுங்கள். எச்சரிக்கை ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வந்தால் மூன்றாம் நாள் அவர் ஒலியை அணைத்துவிடுவார், அது அவர் தப்பு இல்லை. வாலைப் பிடித்து நுழைவது, இரவு பதினொன்றுக்கு மேல் பட்டியலில் இல்லாத வண்டி நிற்பது, இந்த இரண்டுக்கு மட்டும் ஒலி. மற்றதெல்லாம் சத்தமில்லாமல் பதிவாகட்டும்.

எங்கள் வாசல் நோட்டை இன்னும் எடுக்கவில்லை. பெயர் எழுதும் கட்டத்தையும் நம்பர் கட்டத்தையும் அடித்துவிட்டு, எந்த வீடு என்பதை மட்டும் பாபா கேட்டு எழுதுகிறார். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தையும் கணினிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், வித்தியாசம் பெரிதானால் ஏணியை எடுப்போம், பெரும்பாலும் சிலந்திதான்.